பாலத்தில் குளிர்ந்து வீதியில் கொதிப்பது ஏன்?



தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதியிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அன்று ரதம் நகரும் வேகத்தில்தான் ஜார்ஜ் டவுனும் நகரும். வழியெங்கும் தேங்காய்கள் மலைபோல் குவிந்திருக்கும். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் வழங்குவார்கள். இவற்றுக்கு நடுவே, சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க நிற்கும் கார்கள் சிலவற்றையும் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நின்ற கார்களில் ஒன்று எங்களுடையது.

நாங்கள் நால்வர். நால்வரும் ஆசிரியர்கள். குடியிருப்பது தீவில், பணிபுரிவது பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில். நால்வருக்கும் சேர்த்து ஒரு பழைய கார். காலையில் இரண்டாவது பாலத்தின் வழியே போவோம். மாலையில் அதே வழியே திரும்புவோம். 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ளது. அந்த நீளம் முழுவதும் எங்கள் காரின் வெப்பமானி முள் நடுவில் அசையாமல் நிற்கும். தீவுக்குள் நுழைந்து ஜெலுத்தோங் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், முள் மெல்ல மேலே ஏறத் தொடங்கிவிடும். வேகமாக ஓடும்போது குளிர்ந்திருக்கும் எஞ்சின், ஒன்றும் செய்யாமல் நிற்கும்போது ஏன் கொதிக்க வேண்டும்? உழைக்கிறவனுக்கு வியர்க்காமல், உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்த்தாற்போல் அல்லவா இருக்கிறது இது!

இன்றைய பேச்சில் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடப்போகிறோம். கார் வைத்திருப்போர் மட்டுமல்லாமல், பட்டறைத் தொழிலுக்குப் போக எண்ணும் இளைஞர்களும் இதைக் கேட்பது நல்லது.

முதலில், எஞ்சினுக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது, எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியஸையும் தாண்டுகிறது. எஞ்சின் செய்யப்பட்டுள்ள அலுமினியமோ 660 பாகையிலேயே உருகிவிடும். உலோகம் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதைச் சுற்றி ஓடும் நீர் வெப்பத்தை ஓயாமல் அள்ளிக்கொண்டு போவதுதான். நாம் வாங்கி ஊற்றும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாகவே, சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பங்கு எஞ்சினைச் சுற்றியுள்ள நீரில் கலக்கிறது. கார் நிற்கும்போது பெட்ரோல் குறைவாகத்தான் எரிகிறது, உண்மை. ஆனால் அப்போது சக்கரத்துக்கு வேலையே இல்லை. எனவே எரிகிற சிறிதளவு பெட்ரோலும் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. வீட்டில் ஒன்றிரண்டு மின்கெண்டிகளை அணைக்காமல் விட்டால் எவ்வளவு வெப்பம் உண்டாகுமோ, அவ்வளவு வெப்பம் நிற்கும் காரின் எஞ்சினிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வெப்பத்தை நீர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? ரேடியேட்டரில் கொட்டுகிறது. ரேடியேட்டர் என்ன செய்கிறது என்பதை அறிய, நம் ஊர்த் தேநீர்க் கடைக்குப் போனால் போதும். தே தாரிக் ஆற்றுகிறவரைப் பாருங்கள். கொதிக்கும் தேநீரை ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு உயரத்தூக்கி ஊற்றுகிறார். தேநீர் மெல்லிய கோடாக நீண்டு, காற்றில் நன்றாகப் பட்டு, சூடு தணிந்து இறங்குகிறது. ரேடியேட்டர் செய்வதும் இதுவே. ஒரே மொத்தமாக இருக்கும் வெந்நீரைப் பல மெல்லிய குழாய்களில் பிரித்து விடுகிறது. அக்குழாய்களுக்கிடையே தாள் போன்ற மெல்லிய தகடுகள் உள்ளன. அவற்றினூடே காற்று புகுந்து செல்லும்போது நீர் குளிர்கிறது. ஆக, எஞ்சின் குளிர்வதற்கு இரண்டு ஓட்டங்கள் வேண்டும். ஒன்று, குழாய்க்குள் நீரோட்டம். மற்றொன்று, குழாய்க்கு வெளியே காற்றோட்டம். இரண்டில் எது நின்றாலும் எஞ்சின் கொதிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயை அறிய இதுவே திறவுகோல்.

கார் கொதிக்கும் தொல்லை காரைப் போலவே பழமையானது. 1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உருவாக்கிய முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகப் போகும். போகப் போக நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888ஆம் ஆண்டு அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் புதல்வர் இருவரை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை அந்த வகை வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் தேடி நிறுத்த வேண்டியிருந்தது. பின்னர், 1900ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அவர் அத்தோடு நிற்கவில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். வண்டி மெதுவாகப் போகும்போது காற்று போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். நூறாண்டுக்கு மேலாகியும் நம் கார்களில் அந்த விசிறி இருப்பதற்கு அதுவே காரணம்.

இப்போது நம் புதிருக்கு வருவோம். பாலத்தின் மேல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டரில் புகுகிறது. விசிறிக்கு அங்கே வேலை அநேகமாக இல்லை. நெரிசலில் கார் நின்றவுடன் எதிர்க்காற்றும் நின்றுவிடுகிறது. அந்நேரத்தில் காற்றைத் தரும் ஒரே பொருள் விசிறி. எனவே, ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் கொதிக்கும் காரில், முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றோட்டத்தைத்தான். அதிலும் முதலாவதாக விசிறியைத்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. நின்றால் ஒன்றுமில்லை, ஆனால் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைச்சாலையில் ஏறும்போதோ, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும்போதோ முள் ஏறுகிறது என்றால், அங்கே சந்தேகம் நீரோட்டத்தின் மேல் விழ வேண்டும். எஞ்சின் கடுமையாக உழைத்து மிகுந்த வெப்பத்தைத் தருகிறது. ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் படிந்து குழாய்கள் அடைபட்டிருந்தால், அவ்வளவு வெப்பத்தையும் நீரால் கொண்டுபோக முடிவதில்லை.

மூன்றாவது வகை, நின்றாலும் ஓடினாலும் கொதிப்பது. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முள் ஏறினால், நீர் குறைந்திருக்கலாம், எங்கோ கசியலாம், அல்லது தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு திறக்காமல் சிக்கியிருக்கலாம். நீர் அடிக்கடி குறைந்துகொண்டே வந்து, புகைக்குழாயில் வெண்புகை வந்து, எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், ஹெட் காஸ்கெட் சேதமடைந்திருக்கலாம். அது பெரிய வேலை. ஆனால் கொதிக்கும் கார் எல்லாவற்றுக்கும் ஹெட் காஸ்கெட்டே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது.

பாருங்கள், நேயர்களே! இதுவரை நாம் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு காசும் செலவழிக்கவில்லை. "எந்த நேரத்தில் கொதிக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டோம். அந்தக் கேள்வியே நோயின் பாதியைச் சொல்லிவிட்டது. நல்ல வைத்தியர் மருந்துக்குக் கை நீட்டுவதற்கு முன், "காய்ச்சல் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா?" என்று கேட்பது இதனால்தான்.

இனி, நிற்கும்போது மட்டும் கொதிக்கும் காரை வரிசையாகச் சோதிக்கும் முறையைக் காண்போம். எல்லாவற்றுக்கும் முன்பு, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும் காலை வேளையில் நீர் மட்டத்தைப் பாருங்கள். நீர் குறைந்திருந்தால் குழாய்க்குள் காற்றுக் குமிழிகள் சேர்ந்துவிடும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது நீர்ப் பம்பும் மெதுவாகச் சுழல்வதால், அக்குறை நிற்கும்போதுதான் முதலில் வெளிப்படும். நீர் சரியாக இருந்தால் அடுத்து விசிறி.

இன்றைய கார்களில் பெரும்பாலும் மின்விசிறியே உள்ளது. முன்பு, எஞ்சின் நெடுக்காக அமைந்த கார்களில், எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட விசிறி இருந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அந்த விசிறியும் மெதுவாகவே சுழலும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். முதல் பாலம் திறக்கப்பட்ட 1985ஆம் ஆண்டு வரை, காரோடு தீவுக்குப் போகப் படகு ஒன்றே வழியாக இருந்தது. பட்டர்வொர்த் படகுத்துறையில் வெயிலில் வரிசையாக நின்ற கார்கள் கொதித்த கதையை அக்காலத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே 1985இல் வெளிவந்த நம் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகாவில் எஞ்சின் குறுக்காக அமைந்திருந்தது. இத்தகைய கார்களில் விசிறி எஞ்சினுக்கு எதிரே அமைவதில்லை. ஆகவே அதை மின்சாரத்தால் தனியே சுழற்றுகிறார்கள். நீரின் வெப்பம் ஏறத்தாழ 90 முதல் 100 பாகையை எட்டும்போது, ஓர் உணர்வுக்கருவி அதை அறிந்து விசிறியை ஓடவைக்கும். வெப்பம் குறைந்ததும் விசிறி நிற்கும்.

சோதனை எளியது. காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் குளிர்சாதனம் இயங்கினால் விசிறியும் சுழலும். சுழன்றால், விசிறி மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிறகு குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே காத்திருங்கள். முள் நடுவைத் தாண்டி ஏறியும் விசிறி சுழலாவிட்டால், உடனே எஞ்சினை நிறுத்துங்கள். குற்றம் உணர்வுக்கருவியிலோ, அதன் கம்பியிலோ இருக்கலாம். இரு நிலையிலுமே விசிறி சுழலவில்லையானால் பியூஸ், ரிலே, கம்பி இணைப்பு, கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சில சென் விலையுள்ள பியூஸைப் பார்க்காமல், பல நூறு ரிங்கிட் கொடுத்து ரேடியேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

இந்தச் சோதனையின்போது ஓர் எச்சரிக்கை. மின்விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கும். சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பின்னும் சுழலும். ஆகவே விரல், சட்டைக் கை, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் அதன் அருகே போகக் கூடாது. சிறுவர்களைத் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள்.

விசிறி சுழன்றும் கார் கொதித்தால், காற்று போகும் வழியைப் பாருங்கள். குளிர்சாதனத்தின் கண்டன்சர் என்னும் பாகம் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல் நிற்கிறது. தோட்டச் சாலைகளில் ஓடும் கார்களில் செம்மண் தூசியும், பூச்சிகளும், புல்விதைகளும் இவ்விரண்டுக்கும் இடையே அடைந்து, நெய்த பாயைப் போல் மூடிவிடும். ரேடியேட்டரின் உட்புறத்தைக் கழுவினால் இது போகாது. வெளிப்புறத்தை, தகடுகள் வளையாதபடி மெதுவான நீரால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவ வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்திருந்தாலும், யாரேனும் கழற்றிப் போட்டிருந்தாலும், விசிறி ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றியும் ஒரு சொல். "நம்முடையது வெப்ப நாடு, இது இங்கே தேவையில்லை" என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. எஞ்சின் உரிய சூட்டை விரைவில் அடையவும், அந்தச் சூட்டிலேயே நிற்கவும் அது வேண்டும். அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலை வீணாக்கித் தானும் தேயும். சில எஞ்சின்களிலோ, தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியே எஞ்சினுக்கே திரும்பிவிடும். நோய் தீர்க்கச் செய்தது நோயை வளர்த்ததாக முடியும்.

இப்போது எங்கள் காரின் கதையை முடிக்க வேண்டும்.

எங்கள் கார் கொதிக்கத் தொடங்கியதும் பட்டறைக்குக் கொண்டு போனோம். நம் ஊர் வழக்கில் 'போமன்' என்று அழைக்கப்படும் அந்தப் பட்டறைக்காரர் நல்லவர்; ஏமாற்றுகிறவர் அல்லர். அவர் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். பலனில்லை. ரேடியேட்டரைக் கழுவினார். பலனில்லை. மூடியை மாற்றினார். அதற்கும் பலனில்லை. "விசிறி ஓடுகிறதா?" என்று கேட்டார். "நன்றாக ஓடுகிறது, சத்தமே கேட்கிறதே!" என்றோம். அவரும் எட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று தலையசைத்தார். "அப்படியானால் ஹெட் காஸ்கெட்டாகத்தான் இருக்கும், பள்ளி விடுமுறையில் கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்" என்றார். அந்த விடுமுறைக்கு முன் தைப்பூசம் வந்துவிட்டது.

அன்று பள்ளி முடிந்து திரும்பும் வழியில், தண்ணீர்மலைக்கு அண்மையிலிருந்த சாலை ஒன்றில் சிக்கிக்கொண்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினோம். பந்தலிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து உதவினார்கள். எங்களில் ஒருவர் அவசரத்தில் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மூடி பறந்தது. கொதிநீர் பீறிட்டு அவர் வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிற்று. மூன்று வாரம் அவரால் பலகையில் ஓர் எழுத்து எழுத முடியவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடி நீரை எவ்வளவு அழுத்தத்தில் அடக்கி வைக்கிறது என்பதன் குறி அது. அந்த அழுத்தத்தில் நீர் 100 பாகையில் கொதிக்காது. 120 பாகையை நெருங்கும்போதுதான் கொதிக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. 110 பாகையில் அமைதியாக இருந்த நீர், சட்டென்று ஆவியாகிச் சீறுகிறது. துணியைச் சுற்றினாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே, சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. நெரிசலில் முள் ஏறினால் குளிர்சாதனத்தை அணையுங்கள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், ஆவி வரவில்லையென்றால் பானெட்டைத் திறந்து வையுங்கள். அரை மணி நேரம் அன்று, கையால் தொட்டுப் பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை காத்திருங்கள். எஞ்சினின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள்; உலோகம் வெடிக்கக்கூடும். தைப்பூசத் தரிசனம் தவறினாலும் அடுத்த ஆண்டு வரும். கண் போனால் வராது.

மறுவாரம், பள்ளி வளாகத்தில் மரத்தடியில் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் நின்றிருந்தோம். ஆளுக்கொரு கருத்துச் சொன்னோம். பள்ளி விட்டு வீட்டுக்குப் போன ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் காருக்கு முன்னால் வந்து நின்று வேடிக்கை பார்த்தான். அவன் தந்தை தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். அவன் எங்கள் வகுப்புகளில் வாசிப்பில் பின்தங்கியவன் என்று பட்டியலிடப்பட்டவன். அரைக்கால் சட்டை போட்டிருந்த அவன், சிறிது நேரம் நின்றுவிட்டு, "சார், முட்டியில சூடா காத்து அடிக்குது" என்றான்.

"எஞ்சின் ஓடுகிறதல்லவா, சூடாகத்தான் இருக்கும். தள்ளி நில்" என்றோம்.

"இல்லை சார். எங்கப்பா டிராக்டர்ல முன்னால நின்னா காத்து உள்ளதான் போவும். இது வெளிய வருது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பயிற்சி ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காரின் முன்பக்கத்துக் கம்பிவலைக்கு நேரே பிடித்தோம். விசிறி சரியாகச் சுழன்றால், அத்தாள் உள்ளே இழுக்கப்பட்டு வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவோ கையிலிருந்து நழுவி எங்கள் பக்கமே பறந்து வந்தது.

விசிறி ஓடியது உண்மை. ஆனால் தலைகீழாக ஓடியது! சில மாதங்களுக்கு முன் பழைய மோட்டார் பழுதாகி, வேறொரு காரிலிருந்து எடுத்த மோட்டாரைப் பொருத்தியிருந்தார்கள். அதன் இரண்டு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. பேட்டரியிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். கம்பிகளை மாற்றினால் இத்தகைய மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். பிள்ளைகளுக்குப் பொம்மைக் கார் மோட்டாரை வைத்து நாங்களே நடத்தும் பாடம்தான் இது. எங்கள் விசிறி எஞ்சினின் சூட்டையே வாரி ரேடியேட்டரின் மேல் வீசிக்கொண்டிருந்தது. பாலத்தில் எதிர்க்காற்று நிறைய வந்ததால் விசிறிக்கு வேலையே வரவில்லை, குறையும் மறைந்திருந்தது. வீதியில் நின்றபோது வெளிப்பட்டது. மறுநாள் பட்டறைக்காரர் பத்து நிமிடத்தில் கம்பிகளை மாற்றிக் கொடுத்தார். தம் தவற்றை ஒப்புக்கொண்டு, கூலி வாங்க மறுத்துவிட்டார். தெர்மோஸ்டாட்டையும் திரும்ப மாட்டிக் கொடுத்தார். அன்று முதல் எந்த நெரிசலிலும் முள் நடுவைத் தாண்டவில்லை.

யோசித்துப் பார்த்தால், குற்றம் அவருடையது மட்டுமன்று. நாங்கள் அவரிடம் "கார் கொதிக்கிறது" என்று மட்டுமே சொன்னோம். நின்றால்தான் கொதிக்கிறது என்று சொல்லவில்லை. மோட்டார் மாற்றிய பிறகுதான் கொதிக்கிறது என்பதையும் நாங்களே எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே நேயர்களே, காரைப் பட்டறைக்குக் கொண்டு போகும்போது இரண்டு கேள்விகளுக்கு விடையோடு போங்கள். எந்த நேரத்தில் கொதிக்கிறது? எந்த நாளிலிருந்து கொதிக்கிறது? இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதே தாளை விசிறியின் முன் பிடித்தும் பார்க்கலாம்.

பட்டறைத் தொழில் பழகும் இளைஞர்களுக்கும் இதுவே எங்கள் வேண்டுகோள். பாகத்தை மாற்றத் தெரிந்தவர்கள் பலர். காரணத்தைக் கேட்டறிகிறவர்கள் சிலர். வாடிக்கையாளர் நம்பி வருவது அந்தச் சிலரிடந்தான்.

அந்தச் சிறுவனைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். அவனுக்கு எந்தப் பாடம் வராது என்பதை நாங்கள் நன்றாக அறிந்திருந்தோம். எப்போது அவன் அறிவு விழித்துக்கொள்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதன் பிறகு அவனுக்கு வாசிக்கக் கொடுத்தவை எஞ்சின்களைப் பற்றிய சிறு பாடங்கள். முதலில் எழுத்துக் கூட்டித்தான் படித்தான். ஆண்டு முடிவில், வெந்த கை ஆறிவந்த அந்த ஆசிரியர் முன்னிலையில், ரேடியேட்டரைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்தான். இப்போது தொழிற்கல்வி பயில்கிறான். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் பழைய காரின் முன்னால் வந்து, முட்டியில் காற்றுப் படுகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறான்.